எங்கள் மென்பொருளுக்கு எந்த லைசன்ஸ் போடுவது?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்):

ஐயா, நாங்கள் கம்பஸில் ஒன்றாகப் படித்த மூன்று பேர். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, ரியூட்டரிகளுக்கான மென்பொருள் ஒன்றை எழுதி விற்கிறோம். மாணவர் வரவு, மாதக் கட்டணம், தமிழில் ரசீது, ஆசிரியர்களின் பங்குக் கணக்கு எல்லாம் அதில் வரும். எழுதியது பைத்தனில். திரைக்கு பைக்யூட்டி, ரசீதுக்கு பைமுபிடிஎஃப், தரவுக்கு எஸ்கியூலைட், பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப ரிக்குவெஸ்ட்ஸ், எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றும் பகுதியை மட்டும் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடந்த ஒன்றிலிருந்து எடுத்துத் திருத்தினோம். அதில் லைசன்ஸ் எதுவும் எழுதியிருக்கவில்லை. கட்டணப் பகுதியை எழுதிய நண்பன் இப்போது மெல்பேர்ணில் இருக்கிறான்.

ரொறன்ரோவில் உள்ள ஒரு தமிழர் கம்பனி இதை வாங்க யோசிக்கிறது. உள்ளே இருக்கும் லைசன்ஸ்களின் பட்டியலைக் கேட்கிறார்கள். ஜிபிஎல், எல்ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி என்று படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. நாங்கள் எதைப் போடுவது? "யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களை யார் வந்து கேட்கப் போகினம்?" என்கிறான் மற்ற நண்பன். அது சரியா? எங்கள் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தின் பிரதியையும் ஒரு பில்லையும் இணைத்திருக்கிறேன்.

கொக்குவில் வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் நண்பரின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கேட்க ஆள் ஏற்கெனவே வந்துவிட்டார். ரொறன்ரோக்காரர்தான் அவர். காசு கொடுத்து வாங்குகிறவர், விற்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்காமல் விடமாட்டார். என்னிடம் வரும் லைசன்ஸ் பிரச்சினைகளில் அநேகமானவை நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை, இப்படி ஒரு பட்டியல் கேட்கப்படும்போதுதான் தொடங்குகின்றன.

அதற்காக நீதிமன்றம் இல்லை என்றும் இல்லை. இலங்கையில் கணினி நிரல், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை உள்ள ஆக்கம். பதிவு செய்யத் தேவையில்லை, எழுதிய கணமே உரிமை வந்துவிடும். பதிப்புரிமை பற்றிய சர்வதேச பேர்ன் உடன்படிக்கை வழியாக வெளிநாட்டவர் எழுதியதற்கும் இங்கே அதே பாதுகாப்பு உண்டு. வழக்கு என்று வந்தால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

"இலவசமாகக் கொடுத்தவருக்கு என்ன நட்டம் வந்தது?" என்ற வாதத்தையும் அமெரிக்காவில் ஒருவர் வைத்துப் பார்த்திருக்கிறார். ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்ற அந்த வழக்கு, பொம்மை ரயில்களை ஓட்டும் ஒரு திறமூல மென்பொருளைப் பற்றியது. திறமூலம் என்றால், எழுதிய நிரலையே (மூலநிரலை) யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று விட்டிருப்பது. லைசன்ஸில் உள்ள நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வெளிநாட்டில் விற்க நினைக்கிறவர் அதை மறக்கவும் கூடாது.

சரி, தலை சுற்றலுக்கு வருவோம். திறமூல லைசன்ஸ்களை அங்கீகரிக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 1998இல் தொடங்கியது. அது ஏற்றுக்கொண்ட லைசன்ஸ்களே நூற்றுக்கு மேல் உண்டு. அவ்வளவையும் நானும் வரிவரியாகப் படித்துக்கொண்டிருப்பதில்லை. பெயரைப் பார்த்து லைசன்ஸைத் தெரிவு செய்யப் போனால் உங்களுக்கு விடியவே விடியாது. இந்த மென்பொருள் உங்கள் கையிலிருந்து யார் கைக்கு, எந்த வடிவில் போகிறது என்று மட்டும் கேளுங்கள். அறைக்குள் வைத்து நீங்களே பாவிக்கும்வரை ஜிபிஎல்கூட உங்களிடம் ஒன்றும் கேட்காது. ரியூட்டரிக்காரரின் கணினியில் போட்டுக் கொடுக்கும் கணத்தில்தான் கடமை பிறக்கிறது.

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி ஆகியவை ஒரு பக்கம். எடுத்துக்கொள், திருத்து, மூலநிரலைக் காட்டாத மூடிய மென்பொருளுக்குள்ளும் வை, என் பெயரையும் லைசன்ஸ் வாசகத்தையும் மட்டும் அழிக்காதே என்பவை. மற்றப் பக்கத்தில் ஜிபிஎல் போன்ற காப்பிலெஃப்ட் லைசன்ஸ்கள். நம் ஊர்க் காணி உறுதிகளில் "கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும்" என்று ஒரு வரி வரும் அல்லவா? காணி எத்தனை கை மாறினாலும் அந்தப் பங்கு கூடவே போகும். வாங்கினவர் கிணற்றடிக்கு வேலி போட்டு மற்றப் பங்காளியைத் தடுக்க முடியாது. காப்பிலெஃப்ட் அப்படித்தான். உங்களுக்குக் கிடைத்த உரிமையை அடுத்த கைக்கும் அப்படியே கொடுக்கவேண்டும்.

சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிபிஎல்லின் முதற் பதிப்பு 1989இல் வந்தது. இரண்டாவது 1991இலும் மூன்றாவது 2007இலும் வந்தன. இந்தப் பதிப்பு எண்கள் சும்மா அல்ல. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகம் இன்றைக்கும் இரண்டாம் பதிப்பில் மட்டுமே இருக்கிறது. "இரண்டு மட்டும்" என்பதற்கும் "இரண்டு அல்லது அதற்குப் பிந்தியது" என்பதற்கும் உள்ள வித்தியாசம், இரண்டு லைப்ரரிகளை (பிறர் எழுதிவைத்து நாம் எடுத்துப் பாவிக்கும் நிரல்தொகுதிகளை) சேர்த்து வெளியிடலாமா கூடாதா என்பதையே தீர்மானிக்கும்.

இனி உங்கள் பைக்குள் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பைக்யூட்டிதான் பெரிய சிக்கல். அது ஜிபிஎல் மூன்றாம் பதிப்பிலும், காசு கொடுத்து வாங்கும் வணிக லைசன்ஸிலும் கிடைக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் ரியூட்டரிகளுக்குக் கொடுத்த மென்பொருள் முழுவதும் ஜிபிஎல்லின் கீழேயே போயிருக்க வேண்டும். வாங்கியவர் கேட்டால் மூலநிரல் கொடுக்கவேண்டும். அவர் அதைத் திருத்தலாம். பென்டிரைவில் போட்டு பக்கத்து ரியூட்டரிக்குக் கொடுக்கவும் செய்யலாம், நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் உலகத்துக்கே திறந்து வைக்கவேண்டும் என்று அர்த்தமில்லை. மூலநிரல் கேட்கும் உரிமை முதலில் உங்களிடமிருந்து மென்பொருளைப் பெற்றவருக்கே. இதைப் பலர் பிழையாக விளங்கிக்கொண்டு வீணாகப் பயப்படுகிறார்கள்.

உங்கள் ஒப்பந்தத்தில் நேர்மாறாக இருக்கிறது. "பிரதி எடுக்கக் கூடாது, மற்றவருக்கு வழங்கக் கூடாது, உள்ளே பிரித்துப் பார்க்கக் கூடாது" என்று ஆறாம் பந்தியில் எழுதியிருக்கிறீர்கள். எங்கோ ஒரு கம்பனியின் ஒப்பந்தத்திலிருந்து வந்த வசனம் என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. பைக்யூட்டியை இலவசமாக எடுத்துக்கொண்டு இந்தப் பந்தியையும் வைத்திருப்பதுதான் இப்போது நீங்கள் செய்துகொண்டிருக்கும் மீறல்.

இதிலிருந்து வெளியே வர வழி உண்டு. வணிக லைசன்ஸை வாங்கலாம். அல்லது பைசைடுக்கு மாறலாம். அதுவும் திரை வரையும் அதே க்யூட்டி லைப்ரரியைப் பாவிப்பதுதான், ஆனால் எல்ஜிபிஎல்லில் கிடைக்கிறது. நிரலில் மாற்றவேண்டியதும் ஒப்பீட்டளவில் குறைவு. எல்ஜிபிஎல் என்றால் லைப்ரரி மட்டும் திறந்திருக்க வேண்டும், உங்கள் சொந்த நிரல் மூடியிருக்கலாம். ஆனால் அதிலும் மூன்று இடத்தில் கால் தடுக்கும்.

முதலாவது, பாவிக்கிறவர் அந்த லைப்ரரியைத் திருத்தி, தன் பிரதியை உங்கள் மென்பொருளோடு சேர்த்து ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும். பைஇன்ஸ்டோலரால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்இ கோப்பாகச் சுருட்டிக் கொடுத்துவிட்டு இதை நிறைவேற்றினேன் என்று சொல்வது கடினம். கோப்புறையாகக் கொடுங்கள், க்யூட்டியின் டிஎல்எல்கள் (லைப்ரரிக் கோப்புகள்) வெளியே தெரியட்டும். அடுத்தது அந்த ஆறாம் பந்தி. லைப்ரரியைத் திருத்தி, அந்தத் திருத்தத்தின் பிழை பார்ப்பதற்காக உள்ளே பிரித்துப் பார்ப்பதை நீங்கள் தடை செய்யக்கூடாது என்று எல்ஜிபிஎல்லே சொல்கிறது. ஆகவே எந்த வழிக்குப் போனாலும் அந்தப் பந்தி இப்போது இருக்கிறபடி நிற்காது. மூன்றாவது, க்யூட்டியில் உள்ள எல்லாமே எல்ஜிபிஎல் அல்ல. மாத வருமானத்தை வட்டமாகவும் தூணாகவும் காட்டும் திரை ஒன்று உங்களிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு க்யூட்டி சார்ட்ஸைப் பாவித்திருந்தால், அது ஜிபிஎல்லிலும் வணிக லைசன்ஸிலும்தான் கிடைத்து வந்திருக்கிறது. பைசைடுக்கு மாறினாலும் அந்த ஒரு திரை உங்களை மறுபடி ஜிபிஎல்லுக்குள் இழுத்துவிடும்.

அடுத்தது பைமுபிடிஎஃப். தமிழ் ரசீதில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி விழுந்ததால் முன்பு பாவித்ததை விட்டுவிட்டு இதற்கு மாறினோம் என்று எழுதியிருந்தீர்கள். காரணம் நியாயமானது, ஆனால் லைசன்ஸைப் பார்க்காமல் மாறிவிட்டீர்கள். இது ஏஜிபிஎல். மற்றத் தெரிவு வணிக லைசன்ஸ். ரியூட்டரியின் கணினியில் போட்டுக் கொடுக்கும்வரை ஏஜிபிஎல்லும் ஜிபிஎல்லும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் உங்களுடைய அடுத்த திட்டத்தில் இருக்கிறது. பெற்றோர் ஃபோனிலேயே கட்டண விபரம் பார்க்க ஒரு இணையப் பதிப்பு செய்யப்போவதாகச் சொல்கிறீர்கள். ஜிபிஎல்லில் சேர்வரில் ஓடுவது "கொடுப்பது" ஆகாது, ஆகவே கடமையும் இல்லை. இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2007இல் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. அதன் 13ஆம் பிரிவின்படி, திருத்திய நிரலை வலையமைப்பு வழியாகப் பாவிக்கிறவருக்கும் மூலநிரல் கிடைக்க வழி செய்யவேண்டும். லைப்ரரியை உங்கள் நிரலோடு சேர்ப்பதே திருத்தமாகுமா என்பதில் வாதம் உண்டு. வணிக லைசன்ஸ் விற்கிறவரோடு அந்த வாதத்தில் இறங்க நான் உங்களை அனுப்பமாட்டேன். க்யூட்டிக்குள்ளேயே பிடிஎஃப் எழுதும் வசதி இருக்கிறது, தமிழ் எழுத்துகளையும் அது ஒழுங்காகக் கோக்கும். இணையப் பதிப்புக்கு வீசிபிரின்ட் இருக்கிறது, அது பிஎஸ்டி. ரசீது ஒரு பக்க விஷயம்தானே, மாற்றிவிடுங்கள்.

எஸ்கியூலைட்டுக்கு ஒன்றுமே செய்யவேண்டாம். அதை எழுதியவர்கள் பொதுவுடைமையாக விட்டுவிட்டார்கள். அப்படியிருந்தும் "எங்களுக்குக் கட்டாயம் ஒரு பத்திரம் வேண்டும்" என்று நிற்கும் கம்பனிகளுக்கு அவர்கள் ஒரு பத்திரத்தைக் காசுக்கு விற்கிறார்கள். சட்டத்தரணிகளுக்குப் பயந்த உலகம்! ரிக்குவெஸ்ட்ஸ் அப்பாச்சி 2.0. லைசன்ஸ் பிரதியைக் கூட வையுங்கள், நோட்டிஸ் கோப்பு வந்திருந்தால் அதையும் வையுங்கள். அப்பாச்சி 2.0ஐ ஜிபிஎல் மூன்றோடு சேர்க்கலாம், ஜிபிஎல் இரண்டோடு மட்டும் சேர்க்க முடியாது என்பது ஜிபிஎல்லை வெளியிட்ட அமைப்பின் நிலைப்பாடு. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

நோட்டோ எழுத்துரு எஸ்ஐஎல் ஓப்பன் ஃபொன்ட் லைசன்ஸில் இருக்கிறது. மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், எழுத்துருவைத் தனியே விற்கக் கூடாது. அந்த எழுத்துருவில் அச்சான ரசீதுகளுக்கு இந்த லைசன்ஸ் ஒட்டாது. லைசன்ஸ் வாசகத்தை எழுத்துருக் கோப்போடு வைத்தால் போதும்.

கிட்ஹப்பில் லைசன்ஸ் இல்லாமல் கிடந்த நிரலைத்தான் நீங்கள் ஆபத்தில்லாதது என்று நினைத்திருக்கிறீர்கள். உங்கள் பட்டியலில் மிக மோசமானது அதுதான். லைசன்ஸ் இல்லை என்றால் உரிமை முழுவதும் எழுதியவரிடமே இருக்கிறது. கிட்ஹப்பின் விதிகள் பார்க்கவும் அங்கேயே ஃபோர்க் (தன் கணக்கில் ஒரு பிரதி) எடுக்கவும் மட்டுந்தான் இடம் கொடுக்கின்றன. ஜிபிஎல்லை மீறினால்கூடத் திருத்திக்கொள்ள வழி உண்டு. மூன்றாம் பதிப்பில், முதற்தடவை மீறியவர் அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை நிரந்தரமாகத் திரும்பக் கிடைக்கும். லைசன்ஸே இல்லாத நிரலுக்கு அப்படி ஒரு தவணையும் கிடையாது. எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "உங்கள் நிரலுக்கு எம்ஐடி அல்லது வேறு ஒரு லைசன்ஸ் போடமுடியுமா?" என்று மரியாதையாகக் கேட்டால் பலர் உடனே போட்டுவிடுவார்கள். பதில் வராவிட்டால் அந்தப் பகுதியை நீங்களே புதிதாக எழுதுங்கள், பழையதைத் திறந்து பார்த்துக்கொண்டு எழுதாதீர்கள்.

அடுத்ததை நீங்கள் கேள்வியாகவே கேட்கவில்லை: மெல்பேர்ண் நண்பர். வேலைக்கு இருப்பவர் வேலையின்போது எழுதியது என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாதவரை அதன் பொருளாதார உரிமை வேலை கொடுத்தவருக்கு என்று நம் சட்டம் சொல்கிறது. ஆனால் நீங்கள் மூவரும் கூட்டாளிகள், ஒருவருக்கு ஒருவர் சம்பளம் கொடுத்ததாகத் தெரியவில்லை. கம்பனி பதிவதற்கு முன்பே கட்டணப் பகுதி எழுதப்பட்டுவிட்டது என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பகுதி இன்றைக்கும் அவருடையது என்றே நான் எடுத்துக்கொள்வேன். அவர் சம்மதமில்லாமல் ரொறன்ரோவுக்கு விற்கவும் முடியாது, முழுவதற்கும் ஒரு லைசன்ஸ் போடவும் முடியாது. "அவன் எங்கட ஆள்தானே, ஒண்டும் சொல்லமாட்டான்" என்பது வட்சப்பில் சரி. வாங்குகிறவருக்கு இரு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். உரிமையைக் கம்பனிக்கு மாற்றும் பத்திரம் ஒன்றை இந்த மாதமே எழுதி அனுப்புங்கள். விலை பேசி முடிந்த பிறகு கேட்டால் நட்பு வேறு கணக்குப் பார்க்கத் தொடங்கும்.

இவ்வளவும் சரி செய்த பிறகுதான் "எதைப் போடுவது" என்ற கேள்விக்கே இடம் வருகிறது. ரொறன்ரோக்காரர் முழு உரிமையோடு வாங்க நினைக்கிறார் என்றால் பைசைடுக்கு மாறி, பைமுபிடிஎஃப்பை நீக்கி, மூடிய மென்பொருளாகவே விற்பதுதான் உங்களுக்குப் பொருந்தும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் வாங்காவிட்டால், ஜிபிஎல்லிலேயே வெளியிட்டு நிறுவல், பயிற்சி, பராமரிப்புக்குக் காசு வாங்கலாம். ரியூட்டரிக்காரர்களில் எத்தனை பேர் மூலநிரலைக் கையில் வாங்கித் தாங்களாகவே ஓட்டப்போகிறார்கள்? பிரின்டர் வேலை செய்யாத ஒவ்வொரு நாளும் உங்களுக்குத்தான் ஃபோன் வரும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் போல, ஜிபிஎல்லில் ஒன்றும் காசுக்கு வேறொன்றுமாக இரட்டை லைசன்ஸ் கொடுக்கும் முறையும் உண்டு. ஆனால் அதற்கு ஒவ்வொரு வரியின் உரிமையும் உங்களிடம் இருக்கவேண்டும், அதாவது மறுபடியும் மெல்பேர்ண்.

"மூலநிரலைக் காட்டுவோம், ஆனால் வணிகத்துக்குப் பாவிக்கக் கூடாது என்று போடுவோம்" என்பது உங்கள் நண்பரின் யோசனை. போடலாம், உங்கள் நிரல்தானே. ஆனால் அதைத் திறமூலம் என்று சொல்லாதீர்கள், எந்த வேலைக்குப் பாவிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் லைசன்ஸ் அந்த வரையறைக்குள் வராது. பெரிய கம்பனிகளுக்கே இதில் கை சுட்டிருக்கிறது. சேர்வர்களை அமைக்கப் பாவிக்கும் டெராஃபோர்ம் 2023இல் அப்படிப்பட்ட லைசன்ஸுக்கு மாறியதும் பாவித்தவர்கள் பழைய நிரலை எடுத்து ஓப்பன்டோஃபு என்று தனியே போய்விட்டார்கள். ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024இல் மாறியது, அதன் பழைய நிரலிலிருந்து வால்கி பிறந்தது. அடுத்த வருடமே ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் ஒரு தெரிவாகச் சேர்த்துக்கொண்டது.

பெயர் மாற்றும் பகுதியை நீங்களே திரும்ப எழுதினால், அதை மட்டும் தனியே வெளியிடுங்கள் என்று கேட்பேன். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் சென்னையில் எழுதுவது போல அல்ல. பாடசாலை, வங்கி, கச்சேரி (அரச செயலகம்) என்று எல்லா இடத்திலும் இதற்குத் தேவை இருக்கிறது. அதற்கு மொசில்லா லைசன்ஸ் 2.0 போடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். மூடிய மென்பொருளும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கோப்புகளுக்குள் செய்து வெளியே கொடுத்த திருத்தம் திறந்தே இருக்கவேண்டும். ஜிபிஎல் போட்டால் மூடிய மென்பொருள் விற்கிறவர்கள் கிட்டவும் வரமாட்டார்கள். ஓக் வோர்பிஸ் ஒலி வடிவம் பரவவேண்டும் என்பதற்காக அதன் லைப்ரரிகளை பிஎஸ்டிக்கு மாற்றியபோது ஸ்டால்மனே அதை ஆதரித்தார். பரவுவதுதான் நோக்கம் என்றால் அவரும் விட்டுக்கொடுப்பார்.

கடைசியாக அந்த பில். "வருடாந்த லைசன்ஸ் கட்டணம், கணினி ஒன்றுக்கு" என்று அச்சடித்திருக்கிறீர்கள். மூடிய மென்பொருளாக மாறிய பிறகு அது இருக்கலாம். ஜிபிஎல் வழியில் போனால் இருக்க முடியாது. மூன்றாம் பதிப்பின் 4ஆம் பிரிவு ஒரு பிரதிக்கு எவ்வளவு விலையும் வாங்கலாம் என்கிறது. 10ஆம் பிரிவு, லைசன்ஸ் கொடுத்த உரிமைகளைப் பாவிப்பதற்கு வேறு கட்டணம் விதிக்கக் கூடாது என்கிறது. எந்த வழி என்று முடிவாகும்வரை புதிய பில்களில் அந்த வரியை எடுத்துவிட்டு "நிறுவலும் ஒரு வருடப் பராமரிப்பும்" என்று போடுங்கள். தொகையை மாற்றவேண்டியதில்லை.